ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவே: மும்பை மாநகராட்சிக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மும்பை மாநகராட்சிக் கல்விக் குழுவின் உறுப்பினர்களுக்கும் கல்வித் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. அம்மா விடியற்காலையில் இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்றார். நான் பகலில் சயான் பக்கம் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில், ஏணி வைத்து ஏறும் மாடி அறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிப்பவர்கள், மாநகராட்சியின் ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பவர்கள், சின்னத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளில் படிப்பவர்கள் என்று எல்லாரும் அந்த ஒரே பாயில் உட்காருகிறார்கள். அவர்களோடு பதினான்கு வருடம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் மாநகராட்சி நிர்வாக அதிகாரியின் கையில் இருந்தது. பள்ளி பற்றிப் பேச வேண்டுமென்றால் எங்கள் வார்டுக்கு என்று ஓர் உறுப்பினர் கிடையாது. 2026 ஜனவரியில் தேர்தல் நடந்து, இப்போது மாமன்றத்தில் மறுபடியும் 227 உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் இத்தனை நாள் நோட்டில் எழுதி வைத்திருந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் என் கதையில் ஒரு துண்டு.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்தேன். நான் படித்த காலத்தில் அந்தப் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. எட்டாம் வகுப்புக்கு ஓர் ஆங்கிலவழி உயர்நிலைப் பள்ளியில் அப்பா சேர்த்துவிட்டார். முதல் யூனிட் டெஸ்ட். கணக்குத் தாளில் முதல் கேள்வியே 'பைண்ட் த ப்ராடக்ட்' என்று ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த ப்ராடக்ட், அப்பாவின் பட்டறையில் சேட் சொல்வதுதான்: புது மாடல் கைப்பை வந்தால் 'நயா ப்ராடக்ட்' என்பார். கேள்வியில் இரண்டு எண்கள் இருந்தன. அவற்றில் எந்தப் பொருளைத் தேடுவது? அந்தப் பகுதி முழுவதையும் வெற்றாக விட்டுவிட்டு வந்தேன். பெருக்கல் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பதினெட்டாம் வாய்ப்பாடுவரை தலைகீழாகச் சொல்வேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த கணக்கு டீச்சர் மராத்திக்காரர். திட்டவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, கேள்வியில் விரல் வைத்து, 'குணாகார்' என்றார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தமிழ்ப் பள்ளியில் எங்களுக்கு மராத்தி ஒரு பாடம். குணாகார் என்றால் பெருக்கல் என்று தெரியும். அங்கேயே நின்று நான்கு கணக்கையும் போட்டுக் காட்டினேன். அவர் அன்று சாயங்காலம் ஒரு நோட்டில் நாற்பது சொற்கள் எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் ஆங்கிலம், நடுவில் மராத்தி, மூன்றாவது கட்டத்தை நான் தமிழில் நிரப்ப வேண்டும். சம், டிபரன்ஸ், ஆங்கிள், பேரலல், ரிமெய்ண்டர். கூட்டுத்தொகை, வேறுபாடு, கோணம், இணைகோடு, மீதி. அந்த வருடக் கடைசியில் கணக்கில் வகுப்பில் மூன்றாவதாக வந்தேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

என்னோடு ஏழாம் வகுப்பு முடித்தவர்களில் பாதிக்கு மேல் பத்தாம் வகுப்புத் தேர்வுவரை வரவில்லை. அவர்களுக்கு அந்த நோட்டு கிடைக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன். எட்டாம் வகுப்பில் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனான். 'படிப்பு ஏறல' என்று அவன் வீட்டில் சொன்னார்கள். ஏறாதது படிப்பு என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. பாடம் திடீரென்று ஒரு ஜூன் மாதத்தில் வேறு மொழிக்குப் போய்விட்டது, கூடவே அவனைக் கூட்டிப்போக ஆள் இல்லை.

இதுதான் நான் சொல்ல வந்தது. தமிழில் தொடங்கும் ஒரு பிள்ளை ஆங்கிலத்துக்கும் மராத்திக்கும் நடந்து போக ஒரு வழி வேண்டும். அந்த வழியை மாநகராட்சி அமைத்துத் தர வேண்டும்.

இப்போது நிலைமை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி நம்முடையது. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். பாடப் புத்தகத்திலிருந்து ஷூ, ரெயின்கோட் வரை 27 பொருட்களைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தருகிறீர்கள். ஜூன் மழையில் புது ரெயின்கோட் போட்டுக்கொண்டு சந்தில் வரிசையாகப் போகும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். பெற்றோர் ஆங்கிலவழிக்கு மாற்றுகிறார்கள். நீங்கள் மும்பை பப்ளிக் ஸ்கூல் என்று பெயர் வைத்து, 2021 வாக்கில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் பள்ளிகள் தொடங்கியபோது, இடத்துக்குக் குலுக்கல் போட வேண்டிய அளவுக்கு விண்ணப்பம் குவிந்தது. எங்கள் தெருவிலும் குலுக்கலில் பெயர் வருமா என்று சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் உண்டு.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். தாய்மொழியை மறந்துவிட்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். தோல் தைத்து, பாத்திரம் தேய்த்துச் சம்பாதிக்கும் காசில் பிள்ளைக்கு ஆங்கிலம் வாங்கித் தர நினைப்பது தப்பா? ஆங்கிலம் தெரியாததால் தாங்கள் எங்கெங்கே வாய் மூடி நின்றோம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எட்டாம் வகுப்பில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை தடுமாறுவதையும் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். எப்படியும் ஒருநாள் அந்தப் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும், ஒன்றாம் வகுப்பிலேயே தாண்டிவிடட்டும் என்று முடிவெடுக்கிறார்கள். அது யோசித்து எடுத்த முடிவு.

ஆனால் அந்தப் பிள்ளை சாயங்காலம் என்னிடம்தான் வருகிறது. என்ன நடக்கிறது என்று நான் பார்க்கிறேன்.

போன வருடம் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பிள்ளை 'இவாப்பரேஷன்' என்பதற்கு மூன்று வரி விளக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஒரு எழுத்து தவறவில்லை. அப்படியென்றால் என்னம்மா என்றேன். மறுபடியும் அதே மூன்று வரி. சரி, கும்பார்வாடாவில் பானை காய வைக்கிறார்களே, காலையில் ஈரமாக இருக்கிறது, சாயங்காலம் காய்ந்துவிடுகிறது, அந்த ஈரம் எங்கே போனது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'வெயில் குடிச்சிருச்சு' என்றாள். அப்புறம் அவளாகவே, 'மழைக்காலத்துல எங்க அம்மா போடுற அப்பளம் ஏன் காயலன்னா, காத்துலயே ஈரம் இருக்கு, அது எங்க போய்க் குடிக்கும்?' என்றாள். நான் அசந்துபோனேன். காற்றின் ஈரப்பதம் அதிகமானால் ஆவியாதல் குறையும் என்று அவள் புத்தகத்தில் இன்னும் வரவில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. கவிழ்த்துப் போட்ட கூடைமேல் அப்பளம் காய வைக்கும் வீட்டுப் பிள்ளை. அவளிடம் இருக்கும் இந்த அறிவுக்கும் அவள் படிக்கும் அந்த மூன்று வரிக்கும் தொடர்பு இருக்கிறது என்று பள்ளியில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. இதே பிள்ளைக்குத் தமிழில் ஒரு வரி எழுதத் தெரியாது. ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வரி எழுதத் தெரியாது. ஐந்து வருடம் பள்ளிக்குப் போன பிள்ளை.

ஆக, இரண்டு விதமான பிள்ளைகள் என் பாயில் இருக்கிறார்கள். தமிழில் நன்றாகப் படித்துவிட்டு எட்டாம் வகுப்பில் தடுக்கி விழுகிறவர்கள் ஒரு பக்கம். முதல் நாளிலிருந்தே புரியாத மொழியில் மனப்பாடம் செய்கிறவர்கள் மறு பக்கம். இரண்டு பேருக்கும் வேண்டியது அந்த மூன்று கட்ட நோட்டுதான்.

சட்டம் உங்களிடம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 1956இல் ஏழாவது திருத்தத்தால் அரசியலமைப்பில் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் சாரம். மாநிலத்தோடு நிற்கவில்லை, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. அது உங்களைத்தான் குறிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில், முடிந்தவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை, முடிந்தால் எட்டாம் வகுப்புவரையும் அதற்கு மேலும் என்கிறது. அந்தக் கொள்கையில் எனக்கு ஒப்புதல் இல்லாத பகுதிகள் உண்டு, இந்த இடம் அப்படிப்பட்டதல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கக் கல்வி என்பது ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புவரை. ஒரு பள்ளியில் எட்டுவரை படிக்க வழி இல்லையென்றால், வேறு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றிக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் நகரத்தில் ஏழோடு நின்ற பள்ளிகள் பழைய ஏற்பாட்டின் மிச்சம். இப்போது ஏழோடு நிற்கும் தமிழ்ப் பள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. எட்டாம் வகுப்பு சேர்த்திருக்கும் இடங்களில் அதற்குப் பாட ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை ஏழாம் வகுப்பு ஆசிரியரே இரண்டு அறைக்கும் ஓடுகிறாரா என்று தயவுசெய்து நேரில் போய்ப் பாருங்கள்.

எட்டாம் வகுப்பு இப்போது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. 2019இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தேர்ச்சி பெறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. மகாராஷ்டிரம் 2023இல் அதற்கான விதியைக் கொண்டுவந்தது. மறுதேர்வு உண்டு, அதிலும் தவறினால் அதே வகுப்புதான். இந்த விதியை ஆதரிப்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. படிக்காமலே மேலே போவதும் பிள்ளைக்குச் செய்யும் கெடுதிதான். ஆனால் எங்கள் பிள்ளையின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். மொழி மாறுகிற அதே வருடத்தில், நிறுத்திவைக்கும் தேர்வும் வருகிறது. ப்ராடக்ட் என்றால் பெருக்கல் என்று தெரியாமல் தாளை வெற்றாக விட்டேனே, அந்த வருடத்தில் இந்த விதி இருந்திருந்தால் நானும் எட்டிலேயே நின்றிருப்பேன். என் வீட்டில் இரண்டாவது வருடம் அனுப்பியிருக்க மாட்டார்கள். பெண் பிள்ளையை எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

சரி, என்ன செய்யலாம்?

ஐந்தாம் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பள்ளிகளில் கணக்கையும் அறிவியலையும் இருமொழியில் நடத்தத் தொடங்குங்கள். பாடம் தமிழில்தான் நடக்கட்டும், புரிதல் அங்கேதான் உண்டாகும். ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் வரும் முக்கியமான சொற்கள் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் கூடவே வர வேண்டும். ஐந்தில் ஒரு வரி, ஆறில் ஒரு பத்தி, ஏழில் பாதிக் கேள்வித்தாள் ஆங்கிலத்தில். எட்டாம் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைக்குப் புதிதாக இருக்கப்போவது பள்ளிக் கட்டடம் மட்டும்தான். ஏழாம் வகுப்புத் தேர்வு முடிந்து ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்வரை இருக்கும் கோடை வாரங்களில் ஓர் இணைப்பு வகுப்பு வையுங்கள். பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கும்போது தனிப் பயிற்சி தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதே நியாயம்தான் மொழி மாறும் பிள்ளைக்கும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. பழைய தமிழ்ப் பள்ளி மாணவர்கள் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் எத்தனையோ பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

ஆங்கிலவழியில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு மருந்து. அவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் பேசத் தமிழும், படிக்கத் தமிழும் ஒரு பாடமாகவாவது வேண்டும். 2025 ஏப்ரலில் மாநில அரசு ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாகக் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பி, ஜூன் 17இல் அரசாணையைத் திருத்தினார்கள். கடைசியில் ஜூன் 29இல் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது சுமை. ஆனால் ஜூன் 17 அரசாணையில் ஒரு வரி இருந்தது: ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் இந்திக்குப் பதிலாக வேறோர் இந்திய மொழி கேட்டால் அதற்கு ஆசிரியர் தருவோம், இல்லையென்றால் இணையவழியில் கற்பிப்போம் என்று. அரசாணை போய்விட்டது, அந்த இருபது என்ற எண் என் மனதில் நின்றுவிட்டது. தாராவியில் ஆங்கிலவழிப் பள்ளிகளில் ஒரே வகுப்பறையில் இருபது தமிழ்ப் பிள்ளைகள் இருப்பது சாதாரணம். அந்தப் பிள்ளைகளுக்கு மராத்தியோடும் ஆங்கிலத்தோடும் வீட்டு மொழியில் எழுதப் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்க மாநகராட்சி தன் பள்ளிகளில் முடிவெடுக்கலாம். உருதுப் பிள்ளைக்கு உருது, தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்கு என்று எல்லாருக்கும் இது பொருந்தும். எங்களுக்கு மட்டும் கேட்கவில்லை.

மராத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இந்த மடலைத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். 2020இல் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் வந்தது. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எனக்கு முதல் கைகொடுத்தது ஒரு மராத்திச் சொல்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் வாழ்கிற பிள்ளை இந்த ஊர் மொழியைச் சரளமாகப் பேச வேண்டும், எழுத வேண்டும். மாநகராட்சி வேலைக்கும் போலீஸ் வேலைக்கும் எங்கள் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியாமல் போவதற்கு மராத்தி எழுத்தில் பலவீனமாக இருப்பது ஒரு பெரிய காரணம். தமிழ்ப் பள்ளிகளுக்கு நல்ல மராத்தி ஆசிரியர்களைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடிப்படை வாசிப்புக்கு வழி தேடி எங்கேயும் அலைய வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 1995இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில்தான் தொடங்கியது. பிள்ளைகளை வயதை வைத்துப் பிரிக்காமல், எதுவரை வாசிக்கத் தெரிகிறதோ அதை வைத்துக் குழுவாக்கிக் கற்பிக்கும் முறை அவர்கள் கையில் வளர்ந்து, இன்று வெளிநாடுகளிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் பிரிக்கிறார்கள். அதற்கான பாடப் பொருட்கள் தமிழில் ஆயத்தமாக இருக்கின்றன. சென்னைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் தர மாட்டார்களா? என் பாயில் ஏழாம் வகுப்புப் பையனும் மூன்றாம் வகுப்புப் பெண்ணும் ஒரே அரும்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் பையனுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதத்தில் பத்தி வாசிக்கத் தொடங்கியதும் வெட்கம் போய்விட்டது.

ஆசிரியர்கள் விஷயம். காலியிடத்தை நிரப்பாமல் விட்டு, பிள்ளைகள் குறைந்ததும் அதையே காரணம் காட்டி வகுப்பை இணைப்பது, அப்புறம் பள்ளியையே இணைப்பது என்று போகக் கூடாது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் இடத்தில் எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? இருக்கிற ஆசிரியரையும் வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்புகிறோம். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்குச் சட்டம் விலக்கு தருகிறது என்பது எனக்குத் தெரியும். பெரிய பள்ளியில் ஓர் ஆசிரியர் போனால் சமாளிக்கலாம். சின்னத் தமிழ்ப் பள்ளியில் ஒருவர் போனால் பாதிப் பள்ளி போய்விடும். அந்தப் பள்ளிகளிலிருந்து ஆளை எடுக்காதீர்கள் என்று தேர்தல் அலுவலகத்திடம் நீங்கள் கேட்கலாம். 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்வழி ஆசிரியர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குத் தயாரிப்பு வகுப்பு வைத்து, ஒருவரையும் இழக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற விஷயத்துக்கு வருகிறேன். குடிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டும் தாராவி மறுசீரமைப்புத் திட்டம்.

1924இல் கட்டிய தமிழ்ப் பள்ளிக்கூடம்தான் தாராவியின் முதல் பள்ளி என்பார்கள். நூறு வருடம் தாண்டிவிட்டது. இப்போது வீடு வீடாக அளந்து எண் போட்டுவிட்டார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு, பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே வீடு என்பதுதான் விதியின் போக்கு. முலுண்ட், தேவ்னார் என்று இடங்களின் பெயர் அடிபடுகிறது. வீட்டுக் கணக்கைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். நான் பார்ப்பது பிள்ளைக் கணக்கு. எங்கள் சந்தில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், பழைய குடும்பங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள்தான் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள். பாட்டிகள் தாராவியில் இருப்பார்கள், பள்ளிக்குப் போகும் பேரன் பேத்திகள் முலுண்டுக்குப் போவார்கள். அப்புறம் இங்கே தமிழ்ப் பள்ளியில் பிள்ளை இல்லை என்று ஒரு அறிக்கை எழுதினால் அது உண்மையாகவே இருக்கும். அங்கே தமிழ்ப் பள்ளி இல்லை என்பதும் உண்மையாகவே இருக்கும்.

ஒன்று முதல் ஐந்துவரை ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டுவரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில் உள்ள கணக்கு. ஆகவே கேட்கிறேன்: தாராவிக்கு வெளியே குடும்பங்களை அனுப்பும் ஒவ்வோர் இடத்திலும், எந்த மொழிப் பிள்ளை எத்தனை பேர் போகிறார்கள் என்று முன்கூட்டியே கணக்கெடுங்கள். சாவி கொடுக்கும் நாளுக்கு முன் அங்கே பள்ளி திறந்திருக்க வேண்டும், தமிழ், உருது, தெலுங்கு, கன்னடப் பிரிவுகளோடு. தாராவிக்குள் இடிக்கப்படும் ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளிக்கும் மாற்றுக் கட்டடம் எங்கே, எத்தனை அறை, எந்த மொழிக்கு என்று எழுத்தில் வெளியிடுங்கள். 1976இல் ஜனதா காலனியை இடித்து டிராம்பே ஓரத்தில் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பியபோது போன தமிழ்க் குடும்பங்களில் என் அத்தை குடும்பமும் ஒன்று. பள்ளி எப்போது வரும் என்று தெரியாமல் அத்தையின் மூத்த மகள் அந்த வருடம் வீட்டில் இருந்தாள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு பள்ளிக்கே போகவில்லை. இன்றும் வங்கிக்குப் போக வேண்டுமென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரலை நீட்டுவதற்கு முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாராவிப் பள்ளிகளின் அந்தக் குழுக்களை உங்கள் கூட்டத்துக்கு ஒருநாள் கூப்பிடுங்கள். சாயங்காலம் வையுங்கள், காலையில் வைத்தால் வேலைக்குப் போகிற அம்மாக்கள் வர முடியாது. மராத்தியில் பேசுங்கள், நாங்கள் புரிந்துகொள்வோம். புரியாத பெரியவர்களுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுகிறேன்.

எங்கள் சந்தில் வரும் ஜூனில் ஏழிலிருந்து எட்டுக்குப் போகும் பிள்ளைகள் ஆறு பேர். நான்கு பேர் ஆங்கிலவழிக்கு மாறுகிறார்கள். அவர்களுக்காகப் பழைய நோட்டைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அதே மூன்று கட்டத்தோடு. கணக்கு முடிந்தது. அறிவியலில் ஒளி என்ற பாடம்வரை வந்திருக்கிறேன். உங்களில் யாராவது கேட்டால் அதன் நகலைத் தருகிறேன்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து
ஒரு பழைய மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி மாணவி